நீரில்லா ஆற்றங்கரையில் மூன்று வரி

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. இந்த ஊரில் இருந்துகொண்டு இயற்கையைப் பற்றி ஹைக்கூ எழுதுங்கள் என்றால், எழுதப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாள் ஏலகிரிக்குப் போய்ட்டு வந்து எழுதட்டுமா சார்?"

வேண்டாம். ஏலகிரிக்குச் சுற்றிப் பார்க்கப் போங்கள். எழுதுவதற்குப் பாகாயமே போதும். அருவியையோ பனி மூடிய மலையையோ பார்த்ததும் நம் கை தானாக எழுதத் தொடங்கிவிடும்: வெள்ளிக் கம்பி, மேகத் தாவணி, பச்சைக் கம்பளம். இவை எதுவும் அங்கே கண்டவை இல்லை. பாடப் புத்தகத்திலும் சினிமாப் பாட்டிலும் கேட்டு மனத்தில் தங்கியவை. வற்றிப்போன ஏரிக்கோ மொட்டைப் பாறைக்கோ அப்படித் தயாராக ஒரு வரியும் நம்மிடம் கிடையாது. நின்று பார்த்துத்தான் ஆக வேண்டும். ஹைக்கூ தொடங்குவது அங்கே.

பாகாயம் வேலூரின் தெற்கு ஓரம். காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ் இங்கே வந்துதான் திரும்பும். 1932இல் இங்கே இடம் மாறி வந்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் வளாகம் ஒரு பக்கம். அதன் மதிலுக்கு மேலே வேம்பும் புங்கனும் தலை நீட்டும். இன்னொரு பக்கம் ஓட்டேரி. ஒரு காலத்தில் வேலூர் நகரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த ஏரி. சுற்றிலும் உருண்டைப் பாறைக் குன்றுகள். ஓட்டேரிக் கரையில் நான் எழுதிய முதல் உருப்படியான ஹைக்கூ இது:

வற்றிய ஏரி—
மதகுக் கல்லில்
தண்ணீர் நின்ற கோடு

இதில் சோகம் என்ற சொல் இல்லை. தண்ணீர் போயிற்றே என்ற புலம்பலும் இல்லை. கல்லில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் உயரத்தைப் படிக்கிறவர் தம் மனத்தில் அளந்துகொள்வார். இதை எழுத எனக்கு மூன்று கோடை தேவைப்பட்டது. முதல் இரண்டு கோடையிலும் 'ஏரியின் கண்ணீர்' என்றே எழுதி வந்தேன். ஏரி அழுததை நான் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தேன்.

வந்த வழி

ஹைக்கூ என்ற பெயர் அவ்வளவு பழையதில்லை. ஜப்பானில் பலர் கூடி உட்கார்ந்து ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொடரும் 'ரெங்கா' என்ற சங்கிலிக் கவிதை இருந்தது. அதன் முதல் கண்ணிக்கு 'ஹொக்கு' என்று பெயர். அந்த முதல் கண்ணியைத் தனியாக நிற்கும் பலத்துக்கு வளர்த்தவர் மட்சுவோ பாஷோ (1644–1694). அவருக்குப் பின் வந்த பூசோன் ஓவியரும்கூட. இஸ்ஸா ஈயையும் தெள்ளுப்பூச்சியையும் உறவாக்கிக்கொண்டவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசவோகா ஷிகிதான் இதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார். ஓவியர் எதிரே இருப்பதைப் பார்த்து வரைவதுபோல, கண்டதைக் கண்டபடி எழுது என்பது ஷிகி சொல்லிக்கொடுத்த பாடம்.

பாஷோ என்பது புனைபெயர். வாழை என்று பொருள். குடிசை அருகே மாணவர் ஒருவர் நட்டுக் கொடுத்த வாழையால் வந்த பெயர். அந்தக் குளிர் நாட்டு வாழை நாம் தின்கிற மாதிரி பழம் தராது. காற்றுக்குக் கிழிகிற இலைதான் அதன் அழகு. நம் கொல்லையில் தினமும் பார்க்கிற இலை உலகம் கொண்டாடும் ஒரு கவிஞரின் பெயராக இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும்.

தமிழில் இதை முதலில் எடுத்துச் சொன்னவர் பாரதி. புதுச்சேரியில் இருந்தபோது, 1916 அக்டோபர் 16 சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதினார். கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி எழுதியிருந்ததைப் படித்த வேகத்தில் எழுதியது. வேண்டாத சொல்லை விலக்கும் ஒழுக்கம் அவரைக் கவர்ந்திருந்தது.

அடுத்து, தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த நம் சீமைக்கே ஒரு பங்கு உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான், 1974இல் வந்த 'பால்வீதி' தொகுப்பில் 'சிந்தர்' என்ற தலைப்பிட்டு இந்த வடிவத்தை முயன்று பார்த்தார். பத்தாண்டு கழித்து 1984இல் ஹைக்கூவுக்கென்றே தொகுப்புகள் வந்தன: அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'. மறு ஆண்டு ஈரோடு தமிழன்பனின் 'சூரியப் பிறைகள்'. நமக்குப் பக்கத்து வந்தவாசியில் இருந்துகொண்டு மு. முருகேஷ் பல ஆண்டுகள் ஹைக்கூவுக்காக உழைத்தார்.

வளர்ந்த வேகத்தில் ஒன்று கைநழுவிப் போயிற்று என்பது என் எண்ணம். தேர்தல், வரதட்சணை, லஞ்சம் என்று எதையாவது எடுத்துக் கடைசி வரியில் ஒரு சாட்டையடி கொடுக்கும் மூன்று வரிகள் குவிந்தன. அவற்றுக்கும் இடம் உண்டு. மனிதர்களின் கோணல்களைப் பாடும் வகையை ஜப்பானியர் 'சென்ரியு' என்று தனிப் பெயரிட்டு அழைப்பார்கள். தமிழன்பன் 2001இல் அந்தப் பெயரிலேயே 'ஒரு வண்டி சென்ரியு' கொடுத்தார். ஆனால் நாம் எல்லாவற்றையும் ஹைக்கூ என்றே கூப்பிட்டதில் மழையும் மரமும் காணாமல் போயின. வந்தாலும் வேறு ஒன்றுக்குக் கூலி வேலை பார்க்கவே வந்தன. மரம் என்றால் தியாகி, நதி என்றால் தாய், பட்டாம்பூச்சி என்றால் பள்ளிக்கூடச் சிறுமி. மரம் மரமாகவே ஒரு கவிதைக்குள் நிற்கட்டும். இந்த அத்தியாயத்தில் உங்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

உங்கள் ஊர்ப் பொழுது

ஜப்பானிய ஹைக்கூவில் 'கிகோ' என்ற பருவச் சொல் ஒன்று இருக்கும். அந்த ஒரு சொல் மாதத்தையும் குளிரையும் வெளிச்சத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இந்தச் சொற்களை அகராதியாகவே தொகுத்து வைத்திருக்கிறார்கள். 'சைஜிகி' என்று பெயர். நான்கு பருவங்களோடு புத்தாண்டையும் தனிப் பருவமாக அதில் சேர்ப்பது வழக்கம். நம் பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது தொல்காப்பியம். அந்த நிலத்து மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள். மனத்தில் நடப்பதைச் சொல்லாமல், வெளியே நடப்பதைச் சொல்லி விட்டுவிடும் வித்தைக்கு இறைச்சி, உள்ளுறை என்று பெயர்கூட இருக்கிறது. ஆகவே செர்ரிப் பூவையும் பனிப்பொழிவையும் கடன் வாங்காதீர்கள்.

அதற்காகப் பெரும்பொழுதுப் பட்டியலையும் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். பட்டியல்படி சித்திரை, வைகாசி இளவேனில்; ஆனி, ஆடி முதுவேனில். வேலூரில் சித்திரை, வைகாசியில்தான் கத்திரி. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை கொளுத்தும். 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். ஆனி, ஆடியிலோ சாயங்காலம் வானம் கறுத்து இடியோடு மழை வந்து போகும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அது நடப்பதை நாங்கள் ஒவ்வொரு மே மாதமும் கண்ணால் பார்க்கிறோம். உங்கள் ஊர்ப் பொழுதை நீங்களேதான் குறித்துவைக்க வேண்டும்.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். தையில் ஆவாரம்பூ, காப்புக் கட்டு, எருது விடும் தெருவில் நட்ட சவுக்குக் கம்பு. மாசியில் வாகை நெற்றின் சத்தம், புளி உலுக்குகிற சத்தம். பங்குனியில் புங்கன் தளிர், விடியுமுன் கூவும் குயில். சித்திரையில் வேப்பம்பூ. புங்கம்பூவும் அப்போதுதான் உதிரும். அதைப் பொரி என்று சங்கப் புலவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். நாம் அந்தப் பூவில் வேறு எதையாவது பார்க்க வேண்டும். வைகாசியில் நுங்கு வண்டி, பாறை நிழல். ஆடியில் நாவல்பழக் கறை. ஆவணி, புரட்டாசியில் கூடைச் சீத்தாப்பழம், தும்பி. ஐப்பசியில் தெருவிளக்கின் கீழே ஈசல் இறக்கை. கார்த்திகையில் பாறையில் வழிகிற தண்ணீர், வெயில் பட்டு மினுங்கும். மார்கழியில் மூடுபனி, கோலத்தில் பறங்கிப்பூ.

கத்திரி வெயில்—
பாறை நிழலோடு நகரும்
நாலு ஆடுகள்

இங்கே 'கத்திரி' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'கோடை' என்று போட்டுப் பாருங்கள். கவிதை எங்கேயும் நடக்கலாம் என்று ஆகிவிடும். 'கொளுத்தும்', 'சுட்டெரிக்கும்' என்ற அடைமொழிகளுக்கு வேலையே இல்லை. நிழலோடு ஆடு நகர்கிறது என்றால் வெயில் எப்படி என்று ஆட்டுக்குத் தெரிந்தது படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

பருவச் சொல் புத்தகத்தில் கிடைப்பதைவிட வாய்ப்பேச்சில் அதிகம் கிடைக்கும். ஓட்டேரிக் கரையில் ஆடு மேய்க்கிற ஒரு ஆயா, நான் தினமும் நோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு புரட்டாசி மாலை கேட்டார்: "இன்னா தம்பி, தெனம் வந்து எழுதினுகீறே, வட்டிக் கணக்கா?"

"இல்ல ஆயா. தும்பி பறக்குறத எழுதுறேன்."

"தும்பி தாழ வந்துச்சுன்னா மழதான். எழுதிக்கோ."

சொல்லிவிட்டு அவர் எழுந்து ஆடுகளைப் பெயர் சொல்லி எண்ண ஆரம்பித்தார். அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து தலை துவட்டாமல் எழுதினேன்:

தாழப் பறக்கும் தும்பிகள்—
ஆடுகளை எண்ணத் தொடங்கும்
ஆயா

மழை என்ற சொல் இதில் கிடையாது. தும்பிக்கும் ஆயாவுக்கும் நடுவே அந்தக் கோடு இருக்கிறதே, மழை அங்கே இருக்கிறது. இதை நான் கற்பனை செய்திருக்கவே முடியாது. அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அளவும் வெட்டும்

5-7-5 என்று பதினேழு அசை வேண்டும் என எல்லாரும் சொல்வார்கள். ஜப்பானியர் எண்ணுவது 'ஒன்' என்ற ஒலி அலகு. நெடில் வந்தால் இரண்டாக எண்ணுவார்கள். சொல்லுக்குள் வரும் 'ன்' தனியாக ஒன்று. நம் இலக்கணத்தில் தேடினால் இது அசையைவிட மாத்திரைக்குத்தான் நெருக்கம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பதினேழு மாத்திரையில் தமிழில் ஐந்தாறு சொல்தான் அடங்கும். ஓட்டேரி ஹைக்கூவை எண்ணிப் பார்த்தேன்: குற்றியலுகரத்தை அரையாகக் கொண்டால் இருபத்தொன்றரை மாத்திரை, ஏழு சொல். குறளுக்கும் ஏழு சீர்தான். ஆகவே விரல் விட்டு எழுத்து எண்ணுவதில் பொழுதைப் போக்காதீர்கள். ஏழெட்டுச் சொல்லுக்குள் முடிகிறதா, ஒரே மூச்சில் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அளவு சரி.

அளவைவிட முக்கியம் வெட்டு. ஜப்பானியக் கவிதையில் 'யா', 'கனா' போன்ற வெட்டுச் சொற்கள் உண்டு. தனியாகப் பொருள் தராது. ஓசையை நிறுத்திக் கவிதையை இரண்டு துண்டாக்கும். நம் பழம்பாட்டில் ஏ, ஓ, மன் என்று வந்த இடைச்சொற்களை எனக்கு நினைவூட்டுபவை. இன்று அவற்றை எழுதினால் ஒட்டாது. ஒரு சிறு கோடோ வரி முறிவோ போதும். இரண்டு துண்டும் ஒன்றையொன்று விளக்கக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

தமிழ் வாக்கியத்தில் நமக்கு ஒரு வரம் இருக்கிறது. பெயரெச்சமும் அடைமொழியும் முன்னால் வந்து, பெயர் கடைசியில் நிற்கும். 'பாறை நிழலோடு நகரும்' என்று படிக்கும்போது நகர்வது எது என்று இன்னும் தெரியாது; அடுத்த வரியில்தான் ஆடு வரும். கண் தேடிக் கண்டுபிடிப்பது போலவே வாக்கியமும் கண்டுபிடிக்கிறது. ஆபத்தும் இதே இடத்தில்தான். கடைசிச் சொல்லில் வெடி வைக்கும் பழக்கம் இந்த அமைப்பின் வசதியால் வந்தது. பெயரைக் கடைசியில் வையுங்கள், வெடியை வைக்காதீர்கள்.

இன்னொன்று. 'போல', 'என', 'மாதிரி' மூன்றில் எது வந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஒரு நெற்று, நான்கு தாள்

ஒரு கவிதை எப்படித் திருந்துகிறது என்பதைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். பாகாயத்தில் பஸ்ஸுக்காக நின்ற ஒரு மாசி மதியம். நிழற்குடைக்கு மேலே வாகை மரம். இலையெல்லாம் கொட்டிப்போய், காய்ந்த நெற்றுகள் மட்டும் வெளிர்மஞ்சளாகத் தொங்கின. தட்டையான நெற்று, உள்ளே விதைகள் தளர்ந்து கிடப்பதால் லேசான காற்றுக்கே சத்தம் வரும். முதல் தாளில் எழுதியது:

வாகை மரமே
உன் காய்ந்த நெற்றுகள்
காலத்தின் சலங்கைகளா?

மூன்று குற்றம். மரத்தைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். அது என்னைக் கேட்கவில்லை. காலம் என்ற பெரிய சொல்லை அந்தச் சிறிய நெற்றின் தலையில் ஏற்றியிருக்கிறேன். சலங்கை என்ற உவமை வந்ததும் காது நாட்டிய மேடைக்குப் போய்விடுகிறது, நெற்றின் வறண்ட சத்தம் கேட்காமல் போகிறது. இரண்டாம் தாள்:

காற்றில் குலுங்கும்
காய்ந்த வாகை நெற்றுகள்
சலசலவென ஓசை

உவமை போயிற்று. ஆனால் மூன்று வரியும் ஒரே செய்தி. குலுங்கினால் ஓசை வரும் என்பது யாருக்கும் தெரியும். வெட்டு இல்லை; நான் எங்கே நின்றேன் என்பதும் இல்லை. மூன்றாம் தாள்:

பஸ் வராத மதியம்—
தனிமையில் குலுங்கும்
வாகை நெற்றுகள்

கிட்டே வந்துவிட்டது. 'தனிமையில்' மட்டும் இடறுகிறது. தனிமை என்னுடையது, நெற்றுக்கு என்ன தனிமை? அது ஒரு கொத்தில் முப்பது நாற்பதாகத் தொங்குகிறது. உணர்ச்சிப் பெயரை எடுத்துவிட்டு, அன்று உண்மையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். காற்று தொடர்ந்து அடிக்கவில்லை. ஒரே ஒரு முறை வந்தது. சத்தம் எழுந்து நின்றபின் தெரு முன்னைவிட அமைதியாக இருந்தது.

பஸ் வராத மதியம்—
வாகை நெற்றுகள்
ஒருமுறை குலுங்கி நின்றன

நான்காவது தாளோடு நிறுத்திக்கொண்டேன். மாசி என்ற சொல் இல்லாவிட்டாலும் நெற்று பருவத்தைச் சொல்லிவிடுகிறது. சத்தம் என்ற சொல் இல்லை, சத்தம் இருக்கிறது. இங்கே கடைசியில் வினைமுற்று நிற்கிறதே, பெயர் நிற்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். 'நின்றன' என்ற சொல்லோடு கவிதையும் நிற்க வேண்டியிருந்தது. விதி அந்த இடத்தில் வழிவிட வேண்டியதுதான்.

உப்பும் ஆடும்

இந்தப் பக்கத்தில் இயற்கையை எழுதுகிறவர் மூக்கை மூடிக்கொண்டு எழுத முடியாது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் போகிறது பாலாறு. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலும் சீமைக்கருவேலமும்தான். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று அதன் பாதையெல்லாம் தோல் ஷாப்புகள். முன்னே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்தினார்கள். தை மாதம் நாம் மாட்டுக்குச் சூட்டும் அதே ஆவாரை. பிறகு குரோம் வந்தது. டிரம்மிலிருந்து வெளியே எடுக்கும் தோல் வெளிர் நீலமாக இருக்கும். 'வெட் புளூ' என்பார்கள். கழிவு ஆற்று மணலிலும் வயல் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று ஏற்றது. சட்டம் படிக்கிறவர்கள் வேலூரின் பெயரை இந்த வழக்கால் அறிவார்கள்.

இந்தக் கோபத்தையும் இதே வேலையால் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் மூன்று வரிக்குள் எப்படி வைப்பது? தீர்ப்பாக வைக்காதீர்கள். தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது, சொல்லியும் இருக்கிறது. ஹைக்கூவின் வேலை பக்கத்தில் போய் நின்று பார்ப்பது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் அனுப்புவார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு டீக்கடை எதிரே அப்படி ஒரு லாரி நின்று புறப்பட்டபின் பார்த்தது:

தோல் லாரி நின்ற இடம்—
சிந்திய உப்பை
நக்கும் ஆட்டுக்குட்டி

முதலில் நான்காவதாக ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். அந்த உப்பு எந்தத் தோலிலிருந்து சிந்தியது என்று சொல்லும் வரி. ஒரு வாரம் வைத்திருந்து கிழித்தேன். அதை எழுதினால் குட்டி மறைந்து என் சாமர்த்தியம்தான் முன்னால் நிற்கும். குட்டிக்கு உப்பு பிடிக்கும். அது வாலை ஆட்டிக்கொண்டு நக்கிற்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது; தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பல வருடம் மணலை மட்டுமே பார்த்தவர்கள் பாலத்தில் நின்று தண்ணீரைக் கும்பிட்டார்கள். அந்த நாளில் எழுதியவை எல்லாம் ஆச்சரியக்குறிகள். வெள்ளம் வடிந்த பிறகுதான் ஒன்று கிடைத்தது:

வடிந்த பாலாறு—
கருவேல முள்ளில்
ஒரு கால் செருப்பு

செருப்புத் தைக்கிற சீமையில் இது கூடுதலாக ஏதோ சொல்கிறது. நான் அதைத் தேடிப் போகவில்லை, ஆறு கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. ஷூ கம்பெனி வேனில் போய்வரும் ஒரு பெண், வேலை முடிந்து இறங்கும்போது விரலில் ஒட்டியிருக்கும் பசை வாசத்தையும் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய முழம் மல்லியையும் சேர்த்து எழுதியிருந்ததைக் காட்டினார். இயற்கை இதில் எங்கே என்று பயந்துகொண்டே கேட்டார். மல்லி இருக்கிறது, மாலை இருக்கிறது, மூக்கு இருக்கிறது என்றேன். மனிதர் கை படாத இடத்தைத்தான் இயற்கை என்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் பாகாயத்திலிருந்து வாணியம்பாடி வரை ஒரு வரியும் தேறாது.

பயிற்சி: ஒரு பத்து

ஐங்குறுநூற்றில் பாடல்கள் பத்துப் பத்தாகக் கோத்துக் கிடக்கின்றன. எருமைப் பத்து, குரக்குப் பத்து, கேழற் பத்து, மஞ்ஞைப் பத்து. எருமையைப் பற்றிப் பத்து, குரங்கைப் பற்றிப் பத்து என்று ஒரே உயிரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். 500 பாடல், எதுவும் மூன்றடிக்குக் குறையாது, ஆறடிக்கு மிஞ்சாது. ஹைக்கூ பழக இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஒரே ஒரு மரத்தையோ பிராணியையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுப் பத்து, தவிட்டுக் குருவிப் பத்து, பூவரசுப் பத்து, எதுவாகவும் இருக்கட்டும். பதினைந்து நாள், ஒரே நேரத்தில் போய் நில்லுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படம் எடுத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண் சோம்பேறி ஆகிவிடும். முதல் ஐந்து நாள் கவிதை எழுதவே வேண்டாம். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது மட்டும், வாக்கியமாகக்கூட வேண்டாம்: "குருவி ஏழு. ஒன்று மட்டும் பின்தங்கிற்று. சருகைப் புரட்டிற்று." அதன் பெயரை ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்டு எழுதுங்கள். 'பறவை', 'மரம்', 'பூ' என்று பொதுப்பெயர் வந்த இடத்தையெல்லாம் அந்தப் பெயரால் நிரப்புங்கள்.

ஆறாம் நாளிலிருந்து நாளுக்கு ஒன்று. பத்தில் ஏழு தேறாது, எனக்கும் தேறுவதில்லை. மீதி மூன்றை ஒரு மாதம் கண்ணில் படாமல் வைத்திருந்து, பிறகு உரக்கப் படித்துப் பாருங்கள். எந்தச் சொல்லில் குரல் தானாக ஏறுகிறதோ அதுதான் பெரும்பாலும் எடுக்க வேண்டிய சொல்.

வாகை நெற்று பங்குனி வரை மரத்தில் இருக்கும். தளிர் விட்டபின் அந்தச் சத்தம் அடுத்த வருடம்தான். நீங்கள் இதைப் படிப்பது அதற்கு முன்பு என்றால், இன்று மதியமே போய் ஒரு வாகையின் கீழே நில்லுங்கள்.